கீழேதான் இருக்கா

பள்ளி வேன் ஓட்டும் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசிப் பிள்ளை ஏறியதும் வண்டியைக் கிளப்பிவிட மாட்டார். இறங்கிப்போய்ப் பின்கதவு வழியாக ஏறி, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிவிட்டு வந்துதான் சாவியைத் திருப்புவார். பதினோரு வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூடத் தவறவிட்டதில்லை. ‘எண்ணு மாமா’ என்றுதான் பிள்ளைகளுக்குள் அவருக்குப் பெயர்.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான் பெண்டாட்டியை நடுக்கடலில் விட்டுவிட்டு வந்தார்.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் குடும்பத்தோடு போன முதல் பயணம் அது. அவர், மனைவி, ஒன்பது வயது மகள். தீவில் இறங்கியதிலிருந்து மகள் கடலைவிட்டு வெளியே வரவே இல்லை. மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை பார்ப்பவள். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவளுக்குத் தன் கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பது ஆளா தூணா என்றே தெரியாது.

மூன்றாம் நாள் பவளப்பாறை பார்க்கப் படகில் போனார்கள். பயணிகள் பதினான்கு பேர். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை, கழுத்தோரம் ஒரு விசில். படகோட்டி தாடிக்காரர், அதிகம் பேசாதவர். முதல் முறை இறங்கிப் பார்த்துவிட்டு எல்லோரும் ஏறிவிட்டார்கள். ஆமை ஒன்று வந்திருக்கிறது என்று யாரோ சொன்னதும் நாலைந்து பேர் மறுபடியும் குதித்தார்கள். மனைவியும் கண்ணாடியைக் கழற்றி அவர் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் போனாள்.

வெயிலும் அலையுமாக அவருக்குத் தலை சுற்றியது. மகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவரும் கண்ணை மூடினார். நடுவில் ஒருமுறை விழித்தபோது ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெண் கீழ்த்தளத்துப் படியில் இறங்குவது தெரிந்தது. கழிவறை அங்கேதான் இருந்தது.

“சார், ஒரு ஆள் குறையுது. உங்க வீட்டம்மா எங்க?” தாடிக்காரர் கேட்டார்.

“கீழேதான் இருக்கா. பாத்தேன்.”

கண்ணைக்கூட முழுதாகத் திறக்கவில்லை. படகு கிளம்பிவிட்டது.

கால்மணி நேரம் கழித்து மகள் எழுந்தாள். “அப்பா, அம்மா எங்க?”

“கீழ இருக்காம்மா. போய்ப் பாரு.”

மகள் போய்விட்டு வந்தாள். “அங்க வேற ஆன்ட்டிதாம்பா இருக்காங்க.”

அவர் விருட்டென்று எழுந்தார். கீழே போனார், மேலே வந்தார், ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பார்த்த முகத்தையே திரும்பவும் பார்த்தார். பிறகு கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கு இன்றைக்கும் நினைவில்லை. தாடிக்காரர் படகைத் திருப்பினார்.

திரும்பிப் போனால் அங்கே ஒன்றும் இல்லை. எந்த இடம் என்று காட்டக் கடலில் என்ன அடையாளம் இருக்கிறது? எங்கே பார்த்தாலும் அதே தண்ணீர். வெயில் சாயத் தொடங்கி, அலை மேலெல்லாம் கண்கூசும் வெளிச்சம். ஒவ்வொரு மினுமினுப்பும் தலை மாதிரி இருந்தது, கிட்டே போனால் இல்லை. கரையில் தெரிந்த பாறையையும் மலைமுகட்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்த தாடிக்காரர், “நீரோட்டம் இந்தப் பக்கம் இழுக்குது” என்று படகை ஒதுக்கினார்.

கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை எஞ்சினை நிறுத்துவார். “யாரும் பேசாதீங்க. விசில் சத்தம் கேக்குதான்னு பாருங்க.”

படகே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். பலகையில் தண்ணீர் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். மகள் அவர் கையைப் பிடித்திருந்தாள். அவளைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது. சட்டைப்பையில் கை போனது. கண்ணாடி இருந்தது. ‘அவளால படகு எங்க இருக்குன்னுகூடப் பாக்க முடியாதே’ என்று அப்போதுதான் உறைத்தது. பக்கத்திலிருந்தவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஆறாவது முறையோ ஏழாவது முறையோ நிறுத்தியபோது விசில் கேட்டது. மிக மெலிதாக, விட்டு விட்டு.

ஒன்றேகால் மணி நேரம் தண்ணீரில் கிடந்திருந்தாள். தூக்கிப் போட்டபோது உதடு வெளுத்து, பல் கிட்டிப்போய் இருந்தது. விசிலை வாயிலிருந்து எடுக்கவே முடியவில்லை. எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி: “என் கண்ணாடி எங்க?”

தாடிக்காரர் அவள் முன்னால் மண்டியிட்டார். “என் தப்பும்மா. நான் மறுபடி எண்ணிட்டுத்தான் எடுத்திருக்கணும். மன்னிச்சிடுங்க.”

சொல்லிவிட்டு இவர் பக்கம் ஒருமுறை பார்த்தார். அதட்டலோ கெஞ்சலோ இல்லை, வெறும் பார்வை. இவர் குனிந்து மனைவியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே வீடு திரும்பினார்கள். கிறிஸ்துமஸ் எளிமையாகத்தான் இருந்தது. ஜன்னலில் காகித நட்சத்திரம், மேஜையில் முழங்கை உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மரம், மனைவி சுட்ட கேக். நடுவில் கொஞ்சம் அமுங்கிப் போயிருந்தது. மச்சானும் அவர் மனைவியும் மட்டும் விருந்தாளிகள். மச்சான் வாய் ஓயாத மனிதர். மகளுக்கு வாங்கி வந்த பொம்மைகளைக் கடை பரப்பிவிட்டு, “செலவைப் பாத்தா முடியுமா? தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன” என்றவர், தங்கை முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சாப்பாடு முடிந்ததும் மச்சான் தன் செல்போனை நீட்டினார். “மாப்ள, படகு கம்பெனிக்கு நான் விசாரிச்சு எழுதியிருந்தேன்ல, பதில் வந்திருக்கு. அந்தத் தாடிக்காரனை நிறுத்தி வச்சிருக்கானுங்களாம். நாம எழுதிக் குடுத்தா லைசென்ஸே போயிடும். கடுதாசி ரெடி. நீங்க கையெழுத்துப் போட்டா போதும். சும்மா விடக் கூடாது அவனை.”

கடிதமும் பேனாவும் கைக்கு வந்துவிட்டன. ‘எங்களிடம் ஒரு வார்த்தைகூட விசாரிக்காமல்’ என்று முதல் வரியிலேயே இருந்தது. அதற்கு மேல் அவரால் படிக்க முடியவில்லை. கையெழுத்துப் போட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. தாடிக்காரர் சொன்னாலும் யார் நம்புவார்கள்? போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தார். அப்படி நினைத்தது கடலில் அவளைத் தேடியபோது பட்ட பயத்தைவிட அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

“கொஞ்சம் இருங்க மச்சான்” என்று எழுந்து சமையலறைக்குப் போனார். மனைவி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அவர் கேட்டாரு. என்னைத்தான் கேட்டாரு. நீ கீழ இருக்கேன்னு நான்தான் சொன்னேன்.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தட்டைக் கீழே வைத்தாள்.

“பாத்துட்டா சொன்னீங்க?”

“யாரோ ஒரு பொம்பளை போனா. நீன்னு நெனச்சுட்டேன்.”

“படகு போற சத்தம் கேட்டப்போ நான் பயப்படவே இல்லை, தெரியுமா? ‘அவரு எண்ணாம வண்டி எடுக்க விடமாட்டாரு, இப்போ திரும்பிடும்’னு நெனச்சேன். ரொம்ப நேரம் அப்படியே நெனச்சுக்கிட்டு மெதந்தேன்.” கையைத் துடைத்துக்கொண்டாள். “அப்புறம்தான் பயம் வந்துச்சு.”

அவர் கையை நீட்டினார். அவள் விலகிக்கொண்டாள்.

“அண்ணன்கிட்ட போய்ச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்.”

சொன்னார். மச்சானின் வாய் அன்றைக்குத்தான் முதன்முறையாக மூடியது. மேஜையிலிருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, கேக்கைத் தொடாமல் மனைவியோடு கிளம்பிப் போனார். அன்று சாயங்காலமே இவர் கம்பெனிக்குத் தன் கையால் எழுதி அனுப்பினார், நடந்ததை நடந்தபடி. இரண்டு நாளில் தாடிக்காரரை மறுபடி வேலையில் சேர்த்துவிட்டதாகக் கம்பெனியிலிருந்து ஒரு வரிப் பதில் வந்தது.

கிறிஸ்துமஸ் இரவிலிருந்தே மனைவி மகளோடு படுத்துக்கொண்டாள். சாப்பாடு எடுத்து வைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். புது வருடம் பிறந்து நாலாம் நாள் காலை, குளியலறை வாசலில் துண்டோடு நின்று அவரைக் கூப்பிட்டாள்.

“தலைக்கு ஊத்தணும். அன்னையிலேர்ந்து ஊத்தலை. முகத்துல தண்ணி விழுந்தாலே மூச்சு நின்னு போகுது.” கொஞ்சம் தயங்கினாள். “இங்கயே நில்லுங்க. எங்கயும் போயிடாதீங்க.”

கதவைச் சாத்தாமல் உள்ளே போனாள். முதல் குவளை விழுந்தது.

“இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

இரண்டாவது குவளைக்கு முன்னால் வெகுநேரம் சத்தமே இல்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.