பிழை குறையும் பாதைகள்

குத்தாலிங்கம் பிள்ளைக்குக் கணக்கு என்றால் சோறு தண்ணி வேண்டாம். தென்காசியில் வாத்தியார் வேலை. சாயங்காலமானால் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். அவர் கட்டிக்கொண்டு அழுத கணக்கு ஒரு தினுசானது. ஒரு புள்ளி நகர வேண்டும். ஆனால் எந்த இடத்திலும் ஒரே திசையைச் சொல்லாமல், ‘இத்தனை திசைகளில் எதிலாவது போ’ என்று விட்டிருக்கும். அதுவும் எண்ணற்ற திசைகள் கொண்ட, பானாக் வெளி என்கிற கற்பனை வெளியில். கொஞ்சம் பிசகோடு போகும் பாதைகளைப் போட்டுவிடலாம்; பிசகை வேண்டுமட்டும் குறைக்கவும் செய்யலாம். அவையெல்லாம் கடைசியில் பிசகே இல்லாத ஒரு பாதையில் போய்ச் சேருமா? சேரும் என்று ஐந்து வருஷம் மல்லுக்கட்டி நிரூபித்து, 1938 வைகாசியில் பத்திரிகைக்கு அனுப்பினார்.

ஏற்றுக்கொண்டார்கள். அச்சானால் மதுரையில் காலேஜ் வேலை நிச்சயம் என்று அங்கே கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த சிநேகிதர் நம்பிராஜன் எழுதினார். அந்த வேலை பெண்டாட்டி முத்துவடிவுக்காகத்தான் வேண்டியிருந்தது. ஊரே கொண்டாடுகிற சாரல் அவளுக்கு எமன். ஆனி பிறந்தால் இளைப்பு, உட்கார்ந்தபடியேதான் தூக்கம். இன்னொரு சாரல் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

ஆடியில் ஒருநாள் குற்றாலத்துப் பேரருவிக்குக் குளிக்கப் போனார். சீசன் கூட்டம்.

“ஏலே, காலை மிதிக்காதலே!” என்று எவனோ கத்தினான்.

இடம் கொஞ்சம், ஆள் அதிகம், இடிக்காமல் என்ன செய்யும்? பிள்ளைக்குச் சட்டென்று கட்டுரை ஞாபகம் வந்தது. தம் பாதைகளும் இப்படி நெருக்கியடித்து ஒன்றுசேரும் என்றுதானே எழுதியிருந்தார்! சிலேட்டில் சேரும், அதற்கு இரண்டே திசை. எண்ணற்ற திசை இருக்கிற இடத்தில் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கிக்கொண்டால் எவன் எவனை இடிப்பான்? பாழாய்ப்போன சிலேட்டுப் படத்தை நம்பி ஐந்து வருஷம் மோசம்போயிருந்தார்.

ஈரத்துண்டோடு வீட்டுக்கு வந்து, கட்டுரையைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதினார். விஷயத்தைச் சொன்னதும் முத்துவடிவு மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டாள்.

“அந்தத் தப்பு... வேற யாருக்கும்... தெரியுமா?”

“இப்போதைக்குத் தெரியாது.”

“அப்போ எதுக்கு எழுதுதீய? எனக்குச் சாகப் பயமா இருக்கு.”

அவர் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டார்.

கட்டுரை அச்சாகி, வேலையும் கிடைத்தது. மதுரை வெயில் முத்துவடிவுக்கு ஒத்துக்கொண்டது. படுத்துத் தூங்கினாள், கன்னத்தில் சதை பிடித்தது. பிள்ளைதான் அப்புறம் ஒரு வரி எழுதவில்லை. யாராவது கேட்டால் சிரித்து மழுப்புவார்.

மூன்றாம் வருஷம் நம்பிராஜன் ஒரு காகிதக் கட்டோடு வீட்டுக்கு வந்தார்.

“அண்ணாச்சி, ஒருவழியா முடிச்சுட்டேன். மூணு வருஷ உழைப்பு. அத்தனையும் உங்க தேற்றத்து மேலதான் நிக்குது. லண்டனுக்கு அனுப்பப் போறேன். நீங்க ஒருதரம் பாத்துச் சொல்லிட்டா போதும்.”

பிள்ளை வாங்கிப் புரட்டினார். முதல் பக்கத்திலேயே அவர் பெயர் இருந்தது. காப்பி கொண்டுவந்த முத்துவடிவு காகிதக் கட்டைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள். டம்ளரைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

“சரியா இருக்கா அண்ணாச்சி?”

“சரியா இருக்கு” என்றார் பிள்ளை.