கொன்ராட் நிரப்பிய இடம்

ஒத்திகையில் முதல் பகுதியின் கடைசிப் பக்கங்கள் வரும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. கிளாரினெட் அந்தத் துயரமான சிறு மெட்டை எடுத்துக் கொடுத்தது. ஒட்டீலி அதைப் பியானோவில் வாங்கி, சற்றே மாற்றித் திருப்பிக் கொடுத்தாள். பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்க அவள் கணவன் கொன்ராட் எழுதிய கன்செர்ட்டோ முழுக்க இப்படித்தான். பியானோ முன்னால் வந்து மார்தட்டாது. மற்ற வாத்தியங்கள் பேசினால் கேட்கும், பிறகு தான் பேசும். சில பக்கங்களில் செல்லோக்கள் பாட, அடியில் தண்ணீர் போலச் சலசலத்துக்கொண்டு மட்டும் இருக்கும்.

முதல் பகுதி முடியும் தறுவாயில், குழு ஓய்ந்து பியானோ மட்டும் தனியே வாசிக்கும் இடத்தில் தகராறு வந்தது. பொதுவாக அந்த இடத்தை எழுதாமல் வெறுமையாக விடுவார்கள். வாசிப்பவர் மனம்போல் வாசித்துவிட்டு, கடைசியில் இரண்டு சுரங்களை மாற்றி மாற்றி நடுங்கவிட்டு நீட்டுவார். அந்த நடுக்கம் கேட்டதும் குழு உள்ளே வரும். கொன்ராடோ ஒரு சுரம் விடாமல் தானே எழுதியிருந்தான். நடுக்கத்தையும் பாதிவழியில் வைத்திருந்தான்.

ஒட்டீலியின் விரல்கள் அந்த நடுக்கத்தைத் தொட்டதும் குழு மொத்தமும் திமுதிமுவென்று நுழைந்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க." குழுவை நடத்தும் டீட்ஸ் கையிலிருந்த கோலால் மேசையைத் தட்டினார். "அம்மணி இன்னும் முடிக்கலை."

"நடுக்கம் வந்துச்சே ஐயா," என்றார் செல்லோக்காரர் ஃபோலர்ட். "நடுக்கம் வந்தா நாங்க வருவோம். எங்கப்பா வாசிச்ச காலத்துலேயும் அப்படித்தான்."

"இதுல அப்படி இல்லை. அதுக்கப்புறமும் இருக்கு."

"புருஷன் பொண்டாட்டி பேச்சு எங்க முடியும்னு வெளியாள் எங்களுக்கு எப்படித் தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒட்டீலியும் சிரித்தாள். காது மட்டும் சுட்டது.

முதல் பகுதி அவர்களுக்குக் கல்யாணமான குளிர்காலத்தில் கொன்ராட் எழுதியது. அப்போது அவள் ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தை அவளுக்கென்றே வெறுமையாக விட்டிருந்தான். நண்பர்கள் கூடும்போதெல்லாம் அதில் அவள் வேறு வேறாக வாசிப்பாள். பிறகு குழந்தைகள். மேடை ஏறி வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரே பகுதியை யாரும் வாங்கமாட்டார்கள் என்று பதிப்பாளர் சொன்னதால் போன வருஷம் தாலாட்டுப் போல ஒரு பகுதியும் நடனம் போல ஒரு பகுதியும் சேர்த்தான். அப்போதுதான் அந்த இடத்தையும் நிரப்பினான்.

வீட்டுக்கு நடக்கையில் கேட்டாள். "ஏன் கொன்ராட் நிரப்பினே? இனிமே எனக்கு வராதுன்னா?"

"சேச்சே. உன்னை நினைச்சுத்தான் எழுதினேன். அந்தக் குளிர்காலத்துல நீ வாசிச்சது அதுல பாதி இருக்கு."

"மீதிப் பாதி?"

"நீ வாசிச்சிருக்கக்கூடியது."

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் குழப்பம் கூடியது. தன்னை ஒருவன் இவ்வளவு ஞாபகம் வைத்திருந்தால் மகிழ வேண்டுமா? தான் இன்னும் வாசிக்காததைக்கூட எழுதி முடித்துவிட்டான் என்று பயப்பட வேண்டுமா? மறுநாள் வீட்டுப் பியானோவில் அந்தப் பக்கங்களை மெதுவாக வாசித்துப் பார்த்தாள். இது என்னுடையதா, அவன் எனக்காக நினைத்ததா? ஒரு சொற்றொடரில்கூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எல்லாமே அவள் கைக்குப் பொருந்தின.

கச்சேரியன்று மண்டபம் நிறைந்திருந்தது. தாள் வைத்துக்கொள்ளாமல் வாசித்தாள். அந்த இடம் வந்தது. நடுக்கம்வரை எழுதியபடியே போனாள். குழு நுழைந்துவிடாமல் டீட்ஸ் இடது கையைத் தாழ்த்தி, நாயை அடக்குவதுபோல அடக்கிக்கொண்டிருந்தார். நடுக்கத்துக்குப் பிறகு சுரங்கள் மேலிருந்து படியிறங்க வேண்டும். விரல்கள் இறங்கவில்லை. மறதி இல்லை. பிடிவாதமா என்றால், அதுவும் இல்லை. நடுக்கம் நீண்டுகொண்டே போயிற்று. இடது கை எங்கோ அடியில் கிளாரினெட்டின் மெட்டைத் தேடி எடுத்தது. இருட்டில் சுவரைத் தடவி நடப்பவள்போல அவள் அதன் பின்னால் போனாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் வாசித்ததும் இல்லை, அவன் எழுதியதும் இல்லை அது.

எப்படி முடிப்பது என்று தெரியாமல் மறுபடி நடுக்கத்துக்கே வந்தாள். டீட்ஸ் விழித்தார். ஃபோலர்ட் யாரையும் பார்க்காமல் வில்லைத் தந்தியில் வைத்து இழுத்தார். அவர் பின்னாலேயே குழு முழுவதும் வந்துவிட்டது.

கச்சேரி முடிந்து, பின்னறையில் கை குலுக்க வந்தவர்கள் கொன்ராடிடம் அந்த இடத்தைத்தான் புகழ்ந்தார்கள். அவர்கள் போனபின் அவன் கதவைச் சாத்தினான். முகம் மலர்ந்திருந்தது.

"இன்னைக்கு வாசிச்சதை எழுதிக் கொடு ஒட்டீலி. அச்சுக்குப் போறதுக்குள்ள என்னுதை எடுத்துட்டு அதைப் போட்டுடலாம்."

"யார் பேர்ல?"

அவனுக்குக் கேள்வி விளங்கவில்லை. "கன்செர்ட்டோ என் பேர்லதானே வருது?"

"வேண்டாம். அந்த இடத்தை வெறுமையா விட்டுடு."

"வெறுமையாவா? கண்டவன் கண்டதையெல்லாம் வாசிப்பான்."

"வாசிக்கட்டும்."

"நல்லா இல்லாம போச்சுன்னா?"

"போகட்டும்."

அவன் அவளையே பார்த்தான். "என்மேல கோபமா?"

"தெரியலை கொன்ராட்." உண்மையில் தெரியவில்லை.

அவன் மேசைமேல் கிடந்த கையெழுத்துப் பிரதியைத் திறந்து, மைக்கூட்டை நகர்த்தி, பேனாவை அவளிடம் நீட்டினான். "என்னால முடியாது. நீயே கோடு போட்டு அடி."

அவள் உட்கார்ந்து அவன் எழுதிய வரிகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தாள். கடைசிக்கு முந்தின வரியில் பேனா நின்றது. அது அவளுடையதாக இருக்கலாம் என்று பட்டது. வாய்க்குள் ஒருமுறை பாடிப் பார்த்தாள். நிச்சயமாகவில்லை. அதையும் அடித்தாள்.