கோட்டுக்குக் கிடைத்த கும்பிடு

மே மாத வெயிலில் கோட்டும் டையுமாக மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஒருவன் நடந்து வருவதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்த பிரபாவதி, கல்யாண மாப்பிள்ளை யாரோ மண்டபம் தெரியாமல் அலைகிறான் என்றுதான் நினைத்தாள். அவன் நேராக வக்கீல் துரைராஜ் ஆபீஸுக்கே படியேறி வந்துவிட்டான்.

பேர் ஹரி. மைன்ஸ் டவுன்ஷிப்பில் பெரிய ஆபீசர் ஒருவரின் பையன். சென்னையில் தனியார் லா காலேஜில் மூன்றாம் வருஷம் படிக்கிறான். லீவுக்கு இன்டர்ன்ஷிப் செய்ய வந்திருந்தான். பிரபாவதியும் மூன்றாம் வருஷம்தான், விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரியில். வீடு பக்கத்து ஊர் வடக்குத்து, அப்பாவுக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. இரண்டு வெள்ளைச் சுடிதாரை மாற்றி மாற்றித் துவைத்துப் போட்டுக்கொண்டு லீவு விட்ட நாளிலிருந்து அந்த ஆபீஸுக்கு வந்துகொண்டிருந்தாள்.

"நீங்க ஃபார்மல்ஸ் போடறதில்லையா?" என்று முதல் நாளே கேட்டான் ஹரி.

"இதுக்கு என்னங்க குறைச்சல்?"

"இது சும்மா காலேஜ் டிரஸ். பிசினஸ் ஃபார்மல்னா ஒரு முறை இருக்கு. கோட்டுக் கைக்கு வெளியே சட்டை அரை இஞ்ச் தெரியணும். டை நுனி பெல்ட்டைத் தொடணும். கிளையன்ட் முதல்ல பார்க்கறதே அதைத்தான்."

இவ்வளவு தெரிந்தவனுக்கு வக்காலத்தில் கட்சிக்காரர் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று தெரியவில்லை. கேஸ் கட்டுகளை எடுத்து அடுக்கச் சொன்னால் கோட்டில் தூசி படும் என்றான். ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, காதோரம் வேர்வை ஒழுக ஒழுக, செல்போனில் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டிருந்தான். 'செத்தாலும் கழற்ற மாட்டான்' என்று நினைத்துக்கொண்டாள் பிரபாவதி.

அந்தப் புதன்கிழமை வக்கீல் கடலூர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். பிரபாவதி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, மாரியம்மாள் கும்பிட்டபடியே படியிறங்கிக்கொண்டிருந்தாள். டவுன்ஷிப் தோட்டங்களில் புல் வெட்டுகிற கான்ட்ராக்ட் தொழிலாளி. காரணம் சொல்லாமல் கான்ட்ராக்டர் நிறுத்திவிட்டதால் தொழிலாளர் அதிகாரியிடம் மனுப் போட்டிருந்தாள். மறுநாள் விசாரணை.

"பெரிய சாரே எல்லாம் பாத்துக்கறேன்னுட்டாரு கண்ணு. எவ்ளோ பெரிய மனுசன்!" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிரபாவதி மேலே வந்தாள். "என்ன சொல்லி அனுப்பினீங்க?"

"நீங்க நாளைக்கு அலைய வேண்டாம், நான் ஹேண்டில் பண்ணிக்கறேன்னேன். பாவம், கையெடுத்துக் கும்பிட்டாங்க. என்னை வக்கீல்னு நினைச்சுட்டாங்க போல."

"இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே? நாளைக்கு அவங்களைத்தான் விசாரிக்கப் போறாங்க. அவங்களே வரலைன்னா மனு அதோட முடிஞ்சுது. நீ யாரு ஹேண்டில் பண்ண?"

அந்த 'நீ'க்கு அப்புறம் அவனுக்கு அவள் மரியாதை கொடுக்கவே இல்லை.

உடனே மாரியம்மாளுக்குப் போன் போட்டாள். "அந்தக் கோட்டு சாரு வர வேணாம்னாரே. நீ ஜெராக்ஸ் எடுக்குற பொண்ணுதானம்மா? உனக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லி வைத்துவிட்டாள் மாரியம்மாள். வக்கீலைக் கூப்பிட்டால் போன் அணைந்து கிடந்தது.

"நீயே வந்து நேர்ல சொல்லு" என்றாள் ஹரியிடம்.

"நான் வெறும் ஸ்டூடன்ட்னு நானே போய்ச் சொல்றதா? எங்கப்பாவைத் தெரிஞ்சவங்க எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா?"

அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கழட்டு."

"என்னது?"

"கோட்டைக் கழட்டுன்னேன்."

கழற்றினான். உள்ளே சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. கோட்டு போனதும் ஆளே பாதியாகிவிட்டான். சுடிதாருக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு பிரபாவதி ஸ்கூட்டியை எடுத்தாள். கை நீளம் விரல்களை மூடியது. வேர்வையும் சென்டும் கலந்த வாடை மூக்கில் ஏறியது.

மாரியம்மாள் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கோட்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "வாங்க மேடம்" என்று நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

"அவரு வக்கீல் இல்லைங்க. என்னைமாதிரி படிக்கிற பையன். நாளைக்கு நீங்க வரலைன்னா கேஸு போயிடும்."

"அப்பிடிங்களா! நல்ல வேள, நீங்க வந்து சொன்னீங்க. வூட்டுக்காரரையும் கூட்டிக்கினு வந்துடறேன் மேடம்."

போனில் ஒரு வார்த்தை காது கொடுத்துக் கேட்காதவள்! அதுவரை ஹரிமேல் இருந்த இளக்காரம் இவள்மேலும் கொஞ்சம் பாய்ந்தது. கிளம்பும்போது, தன் கை தானாகவே காலரை இழுத்துச் சரிசெய்வதைப் பிரபாவதி பார்த்தாள். தன்மேலும் காறித் துப்பலாம் போலிருந்தது. தெருமுனை திரும்பியதும் கோட்டைக் கழற்றி ஸ்கூட்டியின் கால்வைக்கும் இடத்தில் சுருட்டிப் போட்டாள்.

மறுநாள் மாரியம்மாள் வந்தாள். நடந்ததைக் குரல் நடுங்காமல் சொன்னாள். கான்ட்ராக்டர் தரப்பில் வந்தவரால் ஒரு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. சமரசம் பேசி அவளைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார்கள்.

வேலைக்குப் போன அந்த வாரமே தூக்கு நிறையப் பலாச்சுளை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு வந்தாள் மாரியம்மாள். சலவைக்குப் போய்த் திரும்பிய கோட்டில் ஹரி உட்கார்ந்திருந்தான். தூக்கை நேரே அவன் முன்னால் வைத்தாள்.

"சாரு இன்னா படிக்கிறாரோ, ஏது படிக்கிறாரோ. அவரு வாய் முகூர்த்தம்தான் நல்லதா முடிஞ்சுது" என்று கும்பிட்டாள்.

"பரவால்லம்மா" என்றான் அவன், கொஞ்சமும் கூசாமல்.

நடந்ததெல்லாம் தெரிந்த வக்கீலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாத்தியா பிரபா? நீயும் ஒரு கோட்டு தைச்சுக்கம்மா. தொழிலுக்கு ஆகும்."

சுளை எடுத்ததில் பிசின் ஒட்டிய விரல்களை எதில் துடைப்பது என்று தெரியாமல், இரண்டு கைகளையும் கோட்டில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹரி முழித்துக்கொண்டிருந்தான். பிரபாவதி அவனையும் பார்த்தாள், கும்பிட்ட கையை இன்னும் இறக்காத மாரியம்மாளையும் பார்த்தாள்.

"கோட்டு இப்ப வேணாம் சார், வேலை கிடக்கு" என்று அடுத்த கட்டைப் பிரித்தாள்.