பப்பாளியில் சிக்கிய பல்

1

இந்தக் கதை எனக்குச் சேலையூரில் ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையில் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்த அருள்மேரி அக்கா சொன்னது. முடிவைச் சொல்வதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

2

கேம்ப் ரோட்டின் மேல் பொன்மாலை உருகி வழிந்த அந்த…

(வேண்டாம். வழிந்தது டிராஃபிக்.)

ஜாஸ்மின் உணவு வேதியியல் படித்தவள், சமையல் வராது. அவளும் ஆல்வினும் காதலித்தார்கள். ஆல்வினின் அம்மா அருள்மேரி, பெண்ணைப் பார்க்கப் பொழிச்சலூரிலிருந்து கேம்ப் ரோட்டிலிருக்கும் ஜாஸ்மின் வீட்டுக்கு வருகிறார். பிடிக்காவிட்டால் கல்யாணம் கிடையாது.

அடுப்பே வேண்டாமென்று ஜாஸ்மின் ஃப்ரூட் சாலட்டில் இறங்கினாள். ஆனால் அவள் வெட்டும் பப்பாளி எப்போதும் கொழகொழத்துவிடும். ஆகவே செங்காயாக வாங்கி, துண்டு போட்டு, தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்தாள். கொஞ்ச நேரம் போதும். ஆல்வின் போன் செய்தான். பேச்சு இழுத்துக்கொண்டே போயிற்று.

(ஆல்வின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. கதையில் வேறெதையும் உருப்படியாகச் செய்யமாட்டான்.)

3

அருள்மேரி ஒரு துண்டைக் கடித்தார். ‘டொக்’. வெளியே எடுத்தால், கட்டின முன்பல் பப்பாளியில் ஆணி மாதிரி நிற்கிறது.

“இன்னாம்மா இது, பப்பாளியா டைல்ஃபா?” பல் போன சந்தில் ‘ஸ’வெல்லாம் ‘ஃப’வாகிவிட்டது.

ஜாஸ்மினுக்குப் பதற்றம் வந்தால் பாடம் நடத்துவாள்.

“சுண்ணாம்புத் தண்ணில இருக்கற கால்சியம் ஆன்ட்டி! பழத்தோட செல் சுவர்ல பெக்டின்னு ஒண்ணு, சங்கிலி சங்கிலியா இருக்கும். பழுக்கறப்ப என்சைம் வந்து அதை வெட்டும், பழம் தளர்ந்துடும். கால்சியத்துக்கு ரெண்டு கை மாதிரி. கைக்கு ஒரு சங்கிலியா இழுத்துக் கோத்துப் புடிச்சுக்கும், என்சைம் ஈஸியா நுழைய முடியாது. நான்… கொஞ்சம் ஓவரா புடிக்க விட்டுட்டேன்.”

(கால்சியத்தைக் கல்யாண பந்தத்துக்கு உவமையாக்கச் சொல்லிக் கை அரிக்கிறது. சொறிந்துகொண்டு மேலே போகிறேன்.)

அருள்மேரி பல்லை இழுத்தார். வரவில்லை. கூட வந்திருந்த ஆல்வின் இழுத்தான். வரவில்லை. ஜாஸ்மினுக்குக் கண் கலங்கிவிட்டது.

அருள்மேரி பப்பாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எம்மா, நான் போடற மாங்கா ஊறுகா சீக்கிரமே கூழாயிடுது. அதுக்கு இந்தக் கால்ஃபியம் கேக்குமா?”

“கேக்கும் ஆன்ட்டி. மாங்காய்லயும் அதே பெக்டின்தான்.”

“அப்ப ஞாயித்துக்கெயம வூட்டுக்கு வா. மாங்கா வாங்கி வெக்கிறேன்.”

4

முடிவு அ: ஊறுகாய் மொறுமொறுவென்று அமைந்து, கல்யாணம். (ரொம்பச் சுலபம்.)

முடிவு ஆ: மாங்காயும் கல்லாகி, இன்னொரு பல்லும் போய்… (எனக்குப் பிடித்தது. ஆனால் பாவம்.)

இரண்டையும் விட்டுவிட்டேன். பொழிச்சலூர்ச் சமையலறையில் அருள்மேரியும் ஜாஸ்மினும் ஜாடியைத் திறந்து நிற்கிறார்கள். ஒரு துண்டை எடுத்தாயிற்று. யார் கடிப்பது? அருள்மேரி மாட்டார். ஜாஸ்மினுக்குத் தைரியம் இல்லை. ஆல்வினைக் காணோம். இருவரும் இப்போது இந்தப் பக்கம் திரும்பி உங்களைப் பார்க்கிறார்கள்.

வாயைத் திறவுங்கள்.