ஔவோடு நின்றுபோன உலகம்

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல் பொய்யென்றாலும் காணிப்பாக்கம் பிள்ளையார் என்னைக் கேட்கட்டும். எங்கள் பக்கத்தில் திருட்டுப் பழி சுமத்தினவனும் சுமந்தவனும் அந்தக் கோயில் குளத்தில்தான் முழுகி, ஈரத்துணியோடு சத்தியம் செய்வார்கள். நானும் முழுகிவிட்டு வந்துதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தாள் அங்கங்கே நனைந்திருந்தால் அதுதான் காரணம்.

என் தங்கை கங்கம்மாவைக் குடிபாலாவில் ஏகாம்பரத்துக்குக் கொடுத்திருந்தது. வேர்க்கடலையும் கொஞ்சம் மாமரமும் வைத்துப் பிழைக்கிறவன். சித்தூர் பஸ் நிலையத்தில் பையும் கையுமாகப் புத்தகம் விற்கிறவன் ஒருவன் வந்து அவனைப் பிடித்தான். உலகத்தில் உள்ள சகல விஷயங்களும் அகர வரிசையில், தொகுதி தொகுதியாக, தபாலில் வீடு தேடி வரும் என்றான். முதல் தொகுதி வந்தது. அ முதல் ஔ வரை. அதற்குப் பிறகு கம்பெனியும் வரவில்லை, க-வும் வரவில்லை.

ஏகாம்பரம் மனம் தளரவில்லை. கிடைத்த உலகத்தை முழுசாக மனப்பாடம் செய்தான். தொகுத்தவர் சுத்தத் தமிழ்க்காரர் என்பதால் லண்டனும் ரஷ்யாவும் ரோமாபுரியும் இலண்டன், இரஷ்யா, உரோமாபுரி என்று முதல் தொகுதிக்குள்ளேயே வந்து விழுந்திருந்தன. அது அவன் அதிர்ஷ்டம். ஒட்டகத்தைப் பற்றி அவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த பசுமாடு ஒன்று அன்றைக்கு முழுக்கத் தண்ணீரே குடிக்கவில்லை. ஆனால் மாம்பழம் என்று எடுத்தால் பேச்சை மாற்றி ஆப்பிளுக்குப் போய்விடுவான். ம எங்கேயோ தபாலில் இருந்தது.

வீட்டுக்கு ஒருவன் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஓமானுக்குப் போகிறவன் ஏகாம்பரத்திடம் வந்தால் வயிறு நிறையச் செய்தி கிடைக்கும். குவைத்துக்குப் போகிறவனை முறைத்துப் பார்த்து, "அங்க இன்னாடா கீது? ஓமானுக்குப் போ" என்பான். அப்படி விசாவை மாற்றிக்கொண்டு போனவர்கள் மட்டும் குடிபாலாவில் ஒரு தெரு இருக்கிறார்கள். ஊரில் அவனுக்கு அகராதி என்று பேர் வைத்தார்கள். அகராதி பிடித்தவன் என்றால் திமிர் பிடித்தவன் என்று அர்த்தம். அவன் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டான்.

அவன் மகள் ரூபா திருப்பதியில் கம்ப்யூட்டர் படித்தாள். கூடப் படித்த கிரண்குமாரை அவளுக்குப் பிடித்துவிட்டது. பையனுக்கு வெளிநாட்டில் கப்பல் கம்பெனி வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் விமானம். அதற்குள் நிச்சயம் ஆகவில்லையென்றால் அவன் அம்மா வெங்கடலட்சுமி தன் அண்ணன் மகளைப் பேசி முடித்துவிடுவாள். அந்தம்மாவுக்குப் பூர்வீகம் புத்தூர், தமிழ்தான். திருப்பதியிலேயே இருந்து இருந்து பேச்சு பாதி தெலுங்காகிவிட்டது.

சம்பந்தம் பேசப் புறப்பட்ட அன்று ரூபா அப்பாவின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டபடியே சொன்னாள்.

"நைனா, உன் கால்ல உழறேன். அங்க வாய தொறக்காத."

"நல்லதா நாலு வார்த்த பேசக்கூடாதா?"

"ஒரு வார்த்தகூட வேணாம். மாமா, நைனா வாய தொறந்தா நீ கால மிதி."

மாமா என்பது நான். மிதிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

ரூபாவும் எங்களோடு வந்தாள். பையனின் திருப்பதி வீட்டில் ஏகாம்பரம் சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான். நானே பார்த்தேன், கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, சம்பளம், ஜாதகம், புடவை எல்லாம் பேச்சில் வந்தன. எல்லாம் வராத தொகுதிகள். அவனால் சமாளிக்க முடிந்தது.

வெங்கடலட்சுமி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே அவன் பக்கம் திரும்பினாள்.

"அன்னய்யா, நீங்க எல்லாம் தெரிஞ்சவருன்னு கோடலு சொல்லிச்சு. எனக்கு ராத்திரியில தூக்கமே வரல. எமன்னு ஏதோ தேசமாம். அங்கதான் பிள்ள போறான். எப்படிப்பட்ட எடம் அது? கொஞ்சம் செப்பண்டி."

கோடலு என்றால் மருமகள். அதாவது அந்தம்மா மனசுக்குள் ரூபாவை ஏற்கெனவே மருமகளாக்கிவிட்டாள். நாங்கள் எழுந்து வந்திருந்தாலே போதும்.

யேமன் என்ற தேசம் ய-வில் வருவது. ஆனால் எங்கள் பக்கத்து வாயில் ய நிற்காது. யானை ஆனையாகும், யார் ஆரு ஆகும், யேமன் எமனாகும். நிஜ எமனையோ அந்த வீட்டில் தெலுங்கில் யமுடு என்றுதான் சொல்வார்கள். அதனால் அந்தம்மாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏகாம்பரத்துக்கோ அவ்வளவு நேரம் கழித்து ஒரு எ வந்திருக்கிறது. அவன் வாய்க்கு அர்த்தம் தெரியாது, வரிசைதான் தெரியும். திறந்துகொண்டது.

"எமன். தென்திசைக் காவலன். வாகனம் எருமை. ஆயுதம் பாசக்கயிறு. இவனிடம் சென்றவர் எவரும் மீண்டதில்லை."

என் வாயில் கேசரி. அதை விழுங்கிவிட்டு நான் காலை மிதித்தபோது அவன் முடித்திருந்தான்.

"யமுடா!" என்று அலறினாள் வெங்கடலட்சுமி. "நல்ல நாளும் அதுவுமா எம்பிள்ள உசுரக் கேக்கறியா? லேய்யா, எழுந்திரு!"

கிரண்குமார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அம்மா, அவரு தப்பா புரிஞ்சிக்கினாரு. அந்த தேசத்து ஏடன் துறைமுகத்துலதான் எனக்கு வேலை" என்றான்.

ஏடன்! அது முதல் தொகுதியில் முழுசாக இரண்டு பக்கம். ஏகாம்பரத்தின் முகத்தில் விளக்கு எரிந்தது. வாசல்படி இறங்கும்வரை அவன் ஏடனின் கடல் ஆழத்தையும் உப்பளங்களையும் சொல்லிக்கொண்டே வந்தான். எங்களுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. ரூபாவின் செருப்பு ஒன்று உள்ளேயே நின்றுவிட்டது. அதைக் கேட்டு வாங்க எங்கள் மூவரில் யாருக்கும் முகம் இல்லை.

சித்தூர் பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். பாகாலா தாண்டுகிறவரை ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"உலகத்துல இருக்கற கழுதையெல்லாம் தெரிஞ்சி வெச்சிருக்கறியே நைனா. ரூபாவப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

அப்போதாவது அவன் வாயை நான் பொத்தியிருக்க வேண்டும்.

"உரூபாய். இந்தியாவின் நாணயம். வெள்ளியில்..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே தான் சொல்வது அவனுக்கே காதில் விழுந்துவிட்டது. பாதியில் நின்றான். கண்டக்டர் உட்படப் பஸ்ஸே அவனைப் பார்த்தது. துண்டை எடுத்துத் தலையில் போட்டு முகத்தை மூடிக்கொண்டான். சித்தூரில் பஸ் மாறி, குடிபாலாவில் இறங்கி வீடுவரை அப்படியே நடந்தான். எதிரே வந்தவர்கள் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். கங்கம்மா சோறு போட்டாள். தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான், தின்னவில்லை.

மறுநாள் திருப்பதிக்கு அவனே புறப்பட்டான். தனியாகவிட்டால் வழியில் யாரிடமாவது பேசிவிடுவான் என்று நானும் ஏறிக்கொண்டேன். வெங்கடலட்சுமி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"மறுபடியும் இன்னாய்யா? இன்னிக்கு எந்தச் சாமி பத்தி?"

ஏகாம்பரம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். ஏன் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"எனக்குத் தெரியாதும்மா."

"இன்னா தெரியாது?"

"நீ கேட்ட தேசம் தெரியாது. கேட்டவுடனே தெரியாதுன்னு சொல்ற புத்தி இல்லாம பூட்டுது. எம்பொண்ணு மனசுகூட நேத்து பஸ்ஸு வரைக்கும் தெரியாது. அதுக்கு உம்பிள்ளையத்தான் புடிச்சிருக்குது. அது ஒன்னுதான் தெரியும்."

அவன் வாயிலிருந்து தெரியாது என்ற சொல்லை நான் கேட்டது அதுவே முதல் தடவை. அது த-வில் தொடங்குகிற சொல்.

வெங்கடலட்சுமி அவன் கையில் இருந்த செருப்பைப் பார்த்தாள். பிறகு கதவு முழுசாகத் திறந்தது.

"எனக்கும் தெரியாது அன்னய்யா. அதுதான் பயம்" என்றாள். "உள்ள வா. செருப்ப கீழ போடு மொதல்ல."

ரூபாவின் ஒற்றைச் செருப்பு துடைத்துக் கதவுக்குப் பின்னால் வைக்கப்பட்டிருந்தது. பிள்ளை விமானம் ஏறுகிறவரைக்கும் பெண்ணின் அப்பா வாயைத் திறக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு கல்யாணம் பேசி முடித்தோம். தாலி கட்டும் நேரத்தில்கூட ஏகாம்பரம் திறக்கவில்லை. மண்டபத்தில் ஒரு டாக்டர் அவனை ஊமை என்று நினைத்து, பரிதாபப்பட்டு, இலவசமாகப் பார்க்கிறேன் என்று விலாசம் கொடுத்தார். அவன் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டான்.

நான் என் அம்மா அப்பாவுக்கு ஒரே பிள்ளை. எனக்குத் தங்கை கிடையாது.