டவுன் சொல்லாத ஹார்லன்

ஒஹாயோ சுரங்க ஊரான மேரோபர்க்கின் ஆட்டக்காரன் ஹார்லன் டிரெஸ்லரின் இடது காலை, டன்லோ ஊர் ஆம்ப்ரோஸ் கெட்டில் 1897 நவம்பரில் பிடித்தான். 1915 வரை விடவில்லை. அந்தக் காலத்து அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவன் தானே வாய்விட்டு ‘டவுன்’ என்று சொன்னால்தான் மல்லுக்கட்டு முடியும். ஹார்லன் சொல்லவில்லை. கடைசி ஓட்டம் அது. எல்லைக்கோட்டுக்கு மூன்று கஜம் பாக்கி. மேரோபர்க் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. சொன்னால் தோல்வி. நடுவர் இருட்டும்வரை பார்த்துவிட்டு ரயிலுக்குப் போனார்.

மறுநாள் ஹார்லன் பந்தும் கெட்டிலுமாகச் சுரங்கத்தில் இறங்கினான். அந்த மூன்று கஜத்தைத் தவிர எந்தப் பக்கமும் அவனால் இழுத்துக்கொண்டு நடக்க முடிந்தது. கல்யாணத்துக்கும் அப்படியே போனான். மணப்பெண் லியோனா கெட்டிலுக்கும் ஒரு கோட்டு தைத்திருந்தாள். ஓர் ஆட்டம் முடியாதவன் இன்னொன்றை ஆடக்கூடாது என்பதால் ஊர் அவனைப் பயிற்சியாளனாக்கியது. அவன் தேற்றிய ஆட்களைச் சாய்க்க எதிரணிக்கு முழு மாலைப்பொழுதும் போதவில்லை. டன்லோவோடு மோதும்போது மட்டும் கெட்டில் கீழே கிடந்தபடி தன் ஊருக்காகக் கத்துவான், ஹார்லன் தடுத்ததில்லை.

பதினெட்டாவது குளிரில் கெட்டிலுக்கு மார்பில் சளி கட்டியது. படுக்கையில் போடாவிட்டால் ஆள் தங்கமாட்டான் என்றார் டாக்டர். ஆட்டம் நடக்கும்போது படுப்பதாவது என்று கெட்டில் மறுத்துவிட்டான். ஆனால் விரல்கள் தளர்ந்துகொண்டே வந்தன. சேதி பரவி, பேண்டு வாத்தியத்தோடு ஊரே மைதானத்துக்கு வந்தது.

“நடடா சோம்பேறி,” என்றான் கெட்டில், இருமிக்கொண்டே. “கையில சத்து இல்ல. மூணு கஜம்தான, பால்வண்டிக் குதிரைகூடப் போயிரும்.”

“நீ இறுக்கிப் புடிச்சப்ப போக முடியல. இப்பப் போயி என்னத்தடா கிழிக்க?”

ஹார்லன் எல்லைக்கோட்டை ஒருமுறை பார்த்தான். பிறகு பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் ‘டவுன்’ என்றான்.

டன்லோ ஜெயித்தது. கெட்டில் லியோனா விரித்த படுக்கையில் கிடந்து பிழைத்து, மார்ச்சில் ஊர் திரும்பினான். காலில் கனம் போனதும் ஹார்லன் ஓர் அடி எடுத்து வைத்தான். வேலி உயரத்துக்கு எழும்பி அந்தரத்தில் அங்கேயே நின்றான். மைதானம் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. அந்த வருடம் மேரோபர்க் ஒன்றிலும் தோற்கவில்லை. வெளியூர்க்காரர்கள் ஆட்சேபித்தார்கள். நடுவர் விதிகளைப் புரட்டினார்: பயிற்சியாளர் ஓரத்தில் நின்று குரல் கொடுக்கக் கூடாது என்றிருந்தது, மேலே நிற்பது பற்றி ஒன்றுமில்லை. ஆடச் சொன்னார்.