ஏரிக்குள் ஒரு மேடு

...அப்படியானால் ஏரியை மேற்கே தள்ளிவிட்டால் என்ன, அழித்துப் புதிதாகப் போட எவ்வளவு நேரமாகிவிடும், ஆனால் மேற்கே மேடு, இந்த அர்த்தனாரிக்குப் பயந்து தண்ணீர் மேடேறி நிற்குமா? செம்மேட்டுக் கூடாரத்தில் வரைபடத்தின்மேல் கவிழ்ந்து கிடந்தான் அர்த்தனாரி. மலையில் வரப்போகும் சர்வகலாசாலைக்கு மரம் எங்கே, பாதை எங்கே, ஏரி எங்கே என்று வரைந்து கொடுப்பது அவன் வேலை, எஞ்சினீயர் துரை டோலியில் ஏறி வந்துகொண்டிருக்கிறார், உச்சிப்பொழுதுக்குள் வந்துவிடுவார், கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது... ஓடையை மறித்துப் பள்ளத்தில் ஏரி, அடடா என்று தன்னையே மெச்சிக்கொண்டானே போன மாசியில், அப்போது பிள்ளை இருந்தது, தூளிக்குள் காலை உதைத்துக்கொண்டு... ஆவணியில் மலைக்காய்ச்சல், அவனும் நினைவில்லாமல் பாயில் கிடந்தான், நிலமளக்கச் சங்கிலி பிடிக்க வரும் முத்தன்தான் பிள்ளையை ஏந்திக்கொண்டு போனான். எங்கே என்று கேட்கும் தைரியம் நேற்றுத்தான் வந்தது. "பச்சப் புள்ளைங்கள ஓடையோரம் ஈரமண்ணுலதானுங்க வெப்போம், காயாம குளுந்து கெடக்கட்டும்னுங்க" என்றான் முத்தன். ஓடையோரம், சரியாக இந்தப் பள்ளத்தில், பாவி, வேறு இடமே இல்லையா, இல்லை, நான்தான் பாவி, மலை முழுக்க இருக்க நானல்லவா அங்கே தண்ணீரைக் கொண்டுபோய் விட்டேன். துரையிடம் சொல்லலாமா? தோண்டி எடுத்து வேறிடத்தில் வை என்பார், ஐயோ, அதை யார் செய்வது?

தீவு! ஏன் தோன்றவில்லை இவ்வளவு நேரம், அந்த இடத்தை மட்டும் மண் கொட்டி உயர்த்திவிட்டால் தண்ணீர் சுற்றிக்கொண்டு போகும், ஒரு வட்டம் போட்டான், நடுவில் ஒரு பூமரம், அழகுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம், துரைக்கு அழகு பிடிக்கும். தப்பித்தாய் கண்ணு என்று வாய்விட்டே சொல்லிவிட்டான், கண்ணீர் வந்தது. பெற்றவள் கண்ணாயி போய்வர ஒரு பாலம் வேண்டுமே, காலையில்கூட பிள்ளையின் மண்மேல் ஊற்ற ராக்கம்மா வீட்டுப் பால் எடுத்துக்கொண்டு ஓடைக்குத்தான் போயிருக்கிறாள், சின்னப் பாலம், மரப்பலகை போதும், கரையிலிருந்து நேராக... பென்சில் பாதியில் நின்றது. பாலம் யாருக்கு? கையெழுத்து விழுந்ததும் கூடாரத்தைப் பிரிப்பார்கள், அவனும் கண்ணாயியும் சேலத்துக்கு இறங்க வேண்டியதுதான், ஏரி நிறையும்போது இந்த மலையில் அவர்கள் யார்? இத்தனை நாள் இது ஏன் உறைக்கவில்லை, அவளுக்காவது உறைத்ததா?

கீழே டோலிக்காரர்களின் குரல் கேட்டது. காலிச் செம்போடு கண்ணாயி உள்ளே வந்தாள்.

"ஏனுங்க, ராக்கம்மா நாளைக்கும் பால் தாரேன்னு சொல்லுச்சுங்க."

சரி என்றான், பாதிப் பாலத்தைக் கையால் மறைத்தபடி.